விளக்குக்கு அன்னம் வார்த்த கதை

ஊர்விட்டு ஊர் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பம் எதுவானாலும், அதன் சாமான்களுக்கிடையே ஒரு குத்துவிளக்கு இருக்கும். கட்டில் பழையதானால் விற்றுவிடுகிறோம். அலமாரியை அண்டை வீட்டாருக்குக் கொடுத்துவிட்டு வருகிறோம். விளக்கை மட்டும் பழந்துணியில் சுற்றிப் பாத்திரங்களின் நடுவே பத்திரப்படுத்தி, எந்த ஊருக்கு மாற்றலானாலும் உடன் கொண்டு செல்கிறோம். அந்த விளக்குக்கு ஒரு குறை நேர்ந்துவிட்டால் வீட்டிலுள்ள பெரியவர்கள் மனம் படும் பாட்டை நேயர்கள் அறிவார்கள்.

எங்கள் வீட்டு விளக்கு இரண்டரை அடி உயரமுள்ளது. எங்கள் தாயாரின் திருமணத்தின்போது அவர்களுடைய பிறந்த வீட்டார் நாச்சியார்கோயிலில் வாங்கிச் சீராகக் கொடுத்தது. தில்லிக்கு வந்த புதிதில் மூட்டைகளை அவிழ்த்துப் பார்த்தபோது பாதம் இருந்தது, தண்டு இருந்தது, தட்டும் இருந்தது. உச்சியில் திருகி வைக்கும் அன்னத்தை மட்டும் காணவில்லை. எல்லா மூட்டைகளையும் இரண்டு முறை உதறிப் பார்த்தும் பயனில்லை. எங்கள் தாயார் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆண்டுக் கார்த்திகைக்கு அவர்கள் அகல்களை ஏற்றினார்களே ஒழிய, அந்த விளக்கை ஏற்றவில்லை. “தலையில்லாத விளக்கை எப்படி அப்பா ஏற்றுவது?” என்று ஒரே ஒரு முறை கேட்டார்கள். அதன் பிறகு ஆறு கார்த்திகைகள் கழிந்தன.

கடைகளில் தேடாமல் இல்லை. பித்தளைப் பாத்திரங்களுக்குப் பெயர்பெற்ற மொராதாபாத் தில்லிக்கு அருகில்தானே இருக்கிறது. அங்கிருந்து வரும் சாமான்களில் விளக்குத் தலைகளும் உண்டு. ஆனால் ஒன்று பருத்திருந்தது. மற்றொன்றின் மரை எங்கள் விளக்கின் மரையோடு சேரவில்லை. இன்னொன்று அன்னமாகவே இல்லை, மயிலாக இருந்தது. பழைய விளக்குகள் அவற்றைச் செய்த பட்டறையின் அளவுக்கு உட்பட்டவை. ஒன்றின் தலை மற்றொன்றுக்குப் பொருந்துவது அரிது.

பொறியியல் பயிலும் எங்கள் மகன்தான் இதற்கு ஒரு வழி சொன்னான். பழைய நவராத்திரிப் படம் ஒன்றில் அந்த விளக்கு அன்னத்தோடு நின்றது. அதைப் பார்த்துத் தன் கணினியில் அன்னத்தை வரைந்து, தண்டின் வாயை அளந்து, கல்லூரியிலுள்ள முப்பரிமாண அச்சுப் பொறியில் பிளாஸ்டிக்கால் அச்சிட்டுக் கொண்டுவந்தான். மெல்லிய பிளாஸ்டிக் இழையை உருக்கி, எறும்பு புற்றைக் கட்டுவது போல் அடுக்கடுக்காகப் படியவைத்து உருவம் எழுப்பும் பொறி அது. எங்கள் தாயார் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். “பொம்மை நன்றாக இருக்கிறது, கண்ணா. விளக்குக்கு ஆகாது” என்றார்கள். அவர்கள் சொன்னது சரியே. அந்தப் பிளாஸ்டிக் சுமார் 60 பாகை சென்டிகிரேடு வெப்பத்திலேயே இளகத் தொடங்கிவிடும். ஐந்து முகமும் ஏற்றிய விளக்கின் நடுவே அது நிற்குமா?

“அப்படியானால் இதையே உலோகத்தில் வார்த்துவிடலாம், அப்பா” என்றான் மகன். எப்படி என்று கேட்டோம். அவன் விளக்கியதைக் கேட்கக் கேட்க, இது நமக்குத் தெரிந்த கதையாயிற்றே என்ற எண்ணம் எழுந்தது.

கும்பகோணத்தின் இரு பக்கங்கள்

கும்பகோணத்துக்கு ஒரு பக்கம் நாச்சியார்கோயில். மறு பக்கம் சுவாமிமலை. இரண்டிலும் உலோகம் வார்க்கிறார்கள். ஆனால் வார்க்கும் முறை வேறு. நாச்சியார்கோயிலில் விளக்கின் உறுப்புகளைக் காவிரியின் மெல்லிய மண்ணில் வார்ப்பார்கள். மாதிரியை மண்ணில் அழுத்தி எடுத்துவிட்டு, அது விட்டுச் சென்ற பள்ளத்தில் பித்தளையை ஊற்றுவார்கள். மாதிரி சேதமில்லாமல் திரும்பி வரும்; மறுபடியும் பயன்படும்.

சுவாமிமலையில் தெய்வத் திருமேனிகளை வார்ப்பவர்கள் அப்படிச் செய்வதற்கில்லை. நடராசரின் விரிசடையும் தூக்கிய திருவடியும் கொண்ட உருவத்தை மண்ணிலிருந்து சேதமில்லாமல் உருவி எடுப்பது எங்ஙனம்? ஆகவே அவர்கள் உருவத்தை மெழுகினால் செய்கிறார்கள். தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய அந்த மெழுகு, கைக்கு இளகியும் கருவிக்கு இறுகியும் கொடுக்கும். தென்னங்கீற்றை அளந்து மடித்து, அந்த மடிப்புகளையே அளவுகோலாகக் கொண்டு முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு என்று வகுப்பார்கள். உருவம் முடிந்ததும் அதன்மேல் மிக மெல்லிய வண்டல் மண்ணைக் குழைத்துப் பூசி நிழலில் உலர்த்துவார்கள். வெயிலில் வைத்தால் மெழுகு குழைந்துவிடுமல்லவா? அதன்மேல் கனத்த மண் பூச்சு. அதற்கு மேல் இரும்புக் கம்பிக் கட்டு. பிறகு அந்த மண் கூட்டைத் தீயில் சுடுவார்கள். மெழுகு உருகி வழிந்து ஓடிவிடும். அது இருந்த இடம் வெற்றிடமாக நிற்கும். அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றி, ஆறியபின் கூட்டை உடைத்தால் மெழுகு இருந்த உருவத்தில் உலோகம் இருக்கும். கூடு ஒரு முறைக்குத்தான்; மெழுகும் ஒரு முறைக்குத்தான். ஆதலால் சுவாமிமலையில் பிறக்கும் ஒவ்வொரு திருமேனியும் ஒன்றே ஒன்று.

எவ்வளவு உலோகம் வேண்டும் என்பதற்கும் பழையவர்கள் கணக்கு வைத்திருந்தார்கள். 12-ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய ‘மானசோல்லாசம்’ என்னும் வடமொழி நூல், மெழுகின் எடையைப் போல் பித்தளையோ செம்போ எட்டு மடங்கு எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. மெழுகை முதலில் நிறுத்துவிட்டால் உலோகத்தின் கணக்குத் தானே வந்துவிடும்.

இந்தக் கலை தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பிலாயிலும் ராய்ப்பூரிலும் வாழும் நம்மவர்கள் பஸ்தர்ப் பகுதியின் ‘டோக்ரா’ உருவங்களைக் கண்டிருப்பார்கள். கல்கத்தாவிலிருக்கும் அன்பர்கள் பாங்குரா மாவட்டத்து பிக்னா ஊர்க் குதிரைகளை அறிவார்கள். அவையும் மெழுகு வார்ப்பே. ஆனால் அங்கே நடுவில் மண் கருவை வைத்து, அதன்மேல் மெழுகு இழைகளைச் சுற்றி வார்ப்பதால் உருவம் உள்ளே கூடாக இருக்கும். சுவாமிமலையிலோ பெரும்பாலும் உள்ளும் புறமும் ஒரே உலோகம்.

தில்லியில் வாழ்வோருக்கு ஒரு தனிப் பேறு உண்டு. இக்கலையின் இரு எல்லைகளையும் இந்த நகரத்திலேயே காணலாம். மொகஞ்சதாரோவில் 1926-இல் அகழ்ந்தெடுத்த, நடனமங்கை என்று பெயர் பெற்ற வெண்கலச் சிலை இங்குள்ள தேசிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அவள் உயரம் 10.5 சென்டிமீட்டர், அரைச்சாண்கூட இல்லை. மெழுகில் பிறந்தவளே அவளும். மற்றோர் எல்லை, 2023 செப்டம்பரில் ஜி-20 மாநாடு நடந்தபோது பாரத் மண்டபத்தின் முன் நிறுவிய நடராசர். 27 அடி உயரமும் ஏறக்குறைய 18 டன் எடையும் உள்ள அத்திருவுருவம் சுவாமிமலைச் சிற்பிகளின் மெழுகு வார்ப்பு. நாங்கள் மகனை அழைத்துக்கொண்டு சென்று அதன் முன் நின்றோம். “இவ்வளவும் முதலில் மெழுகாக இருந்ததா?” என்று அவன் வியந்தான். நாங்களும் வியந்தோம். கும்பகோணத்துக்குப் பத்துக் கல் தொலைவில் பிறந்தும், மெழுகு வார்ப்பை ஒரு நாளாவது நேரில் பார்க்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியதில்லை.

முதல் முயற்சியும் ஒரு பாடமும்

அன்னத்தை வார்ப்பது என்று முடிவாயிற்று. பித்தளையில் வார்க்கத்தான் ஆசை. ஆனால் பித்தளை உருக 900 பாகைக்கு மேல் வேண்டும். அதிலுள்ள துத்தநாகமோ 907 பாகையில் கொதித்து ஆவியாகி வெண்புகையாக எழும். அப்புகையைச் சுவாசித்தவர்களுக்குச் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வந்துவிடும். அனுபவமில்லாத நாங்கள் அதில் இறங்குவதற்கில்லை. 660 பாகையில் உருகும் அலுமினியமே போதும் என்று கொண்டோம்.

அடுக்குமாடி வீட்டுப் பால்கனியில் செய்யக்கூடிய வேலையன்று இது. ஃபரீதாபாத்தில் ஒரு நண்பருக்கு வீட்டின் பின்புறம் திறந்த முற்றமும், சிறு எரிவாயு உலையும், மண்பொம்மை சுடுவதற்கான மின்சூளையும் இருந்தன. அவருடைய துணையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடங்கினோம்.

மகனுடைய பிளாஸ்டிக் அன்னத்தை முதலில் நாங்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. சுவாமிமலை முறைதான் முறை என்று, கையாலேயே மெழுகில் ஓர் அன்னம் பிடித்தோம். மெழுகை நேரே தீயில் வைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் மற்றொரு பாத்திரம் வைத்து உருக்கினோம். அது நல்ல பழக்கமே. நேர்த் தீயில் மெழுகு புகைந்து பற்றிக்கொள்ளும். வண்டல் மண்ணுக்குப் பதிலாக, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் நுண்மணலும் சம அளவு கலந்து நீர் விட்டுக் குழைத்துக் கூடு கட்டினோம். கூடு இறுகியது. குளிர்காலத்துத் தில்லி வெயிலில் இரண்டு நாள் வைத்தோம். பிறகு மெழுகு வழிந்தோடும் அளவுக்கு மட்டும் சூடாக்கினோம். தொட்டுப் பார்த்தால் கூடு உலர்ந்தே இருந்தது.

உருகிய அலுமினியத்தை ஊற்றினோம். ஒரு நொடி அமைதி. மறு நொடி கூட்டின் வாயிலிருந்து உலோகம் குமிழியிட்டுக் கொதித்துத் தெறித்தது. துளிகள் சுற்றிலும் பரப்பியிருந்த மணலில் விழுந்தன. ஒரு துளி மகனுடைய தோல் செருப்பின் மேல் விழுந்து, ஒரு காசளவு கருக்கிவிட்டு நின்றது. முகத்தை மறைக்கும் தடுப்பும், கனத்த தோலுறையும், காலை முழுதும் மூடிய செருப்பும் வேண்டும் என்று நண்பர் வற்புறுத்தியிருந்தார். அவற்றை அணியச் சற்றுச் சலித்துக்கொண்டவர்கள் நாங்கள். அன்று அந்தச் செருப்பு இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ண இன்றும் மனம் நடுங்குகிறது. விளக்கின் தலையைத் தேடப் போய் வீட்டின் விளக்குக்கே கேடு தேடிக்கொள்ள இருந்தோம்.

பிழை எங்களுடையதே. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் நீரோடு சேர்ந்து இறுகும்போது, அந்த நீரில் ஒரு பகுதியைத் தன்னுள்ளேயே பிணைத்துக்கொள்கிறது. நன்கு உலர்ந்து வெள்ளைவெளேரென்று தோன்றும் பிளாஸ்டரின் எடையிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நீர்தான். அது வெயிலுக்கு அசையாது. நூறு பாகைக்கு மேல் நெடுநேரம் சுட்டால்தான் வெளியேறும். நீர் ஆவியானால் தன் கொள்ளளவைப் போல் 1,600 மடங்குக்கு மேல் விரியும். அவ்வளவு ஆவியும் ஒரு விரற்கடை வாயின் வழியே ஒரே நொடியில் வெளிப்பட முயன்றால் உலோகத்தைத் தூக்கி எறியாமல் என்ன செய்யும்?

சுவாமிமலையில் எருவிராட்டித் தீயில் கூட்டை நன்றாகச் சுட்டுவிட்டு, அந்தச் சூடு ஆறுவதற்குள் உலோகத்தை ஊற்றுவது மெழுகை உருக்குவதற்காக மட்டும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஈரத்தைத் துளியும் விடாமல் ஓட்டுவதற்கும் அதுவே வழி என்பது அன்றுதான் விளங்கிற்று. முறையின் வடிவத்தை எடுத்துக்கொண்டு பொறுமையை விட்டுவிட்டோம். அதற்குக் கிடைத்த பலன் அது.

பிளாஸ்டிக் அன்னம்

இரண்டாம் முறை மகன் பேச்சைக் கேட்டோம். மக்காச்சோளம் முதலியவற்றின் மாவுச்சத்திலிருந்து எடுக்கும் ‘பி.எல்.ஏ.’ என்ற பிளாஸ்டிக்கில் அன்னத்தை அச்சிட்டான். வேறு சில பிளாஸ்டிக்குகள் எரியும்போது வெளிவிடும் காரமான நச்சுப்புகை இதில் குறைவு. மிஞ்சும் சாம்பலும் சொற்பம். ஆயினும் புகை புகைதான். ஆகவே சூளையைத் திறந்த வெளியிலேயே வைத்தோம். உருவம் எளிதில் எரிந்து போவதற்காக உட்புறத்தைப் பெரும்பாலும் வெறுமையாக விட்டு, மெல்லிய ஓடாக அச்சிட்டான். அலுமினியம் ஆறும்போது சுருங்கும். நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்றேகால் பங்கு நீளம் குறையும் என்பதைக் கணக்கிட்டு, அந்த அளவுக்கு மாதிரியைப் பெரிதாக்கியிருந்தான். தென்னங்கீற்றை மடிக்கும் சிற்பியின் அறிவும் இதுதானே என்று எண்ணிக்கொண்டோம்.

உலோகம் உள்ளே செல்ல அடிப்புறத்தில் பருத்த மெழுகுத் தண்டு ஒன்றை ஒட்டினோம். மறுபடியும் பிளாஸ்டர், மணல், நீர். உலர்ந்த மணலையும் பிளாஸ்டரையும் கலக்கும்போது எழும் நுண்தூசி நுரையீரலுக்குப் பகை. மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு கலக்கினோம். குழம்பை ஊற்றிய பின் பாத்திரத்தின் பக்கங்களை மெல்லத் தட்டித் தட்டிக் காற்றுக் குமிழிகளைப் போக்கினோம். ஒரு குமிழி உருவத்தின்மேல் ஒட்டி நின்றால் அங்கே உலோகத்தில் ஒரு பரு முளைக்கும்.

இம்முறை கூட்டை ஒரு வாரம் நிழலில் உலர்த்திய பிறகே சூளையில் வைத்தோம். முதலில் 150 பாகையில் நான்கு மணி நேரம்; நீர் போவதற்கு. பிறகு மெல்ல மெல்ல 350. பிளாஸ்டிக் உருகிக் கருகுவதற்கு. அதன்பின் 700 பாகையில் நான்கு மணி நேரம். எஞ்சிய கரியும் எரிந்து போவதற்கு. அதற்கு மேல் சூட்டை ஏற்றினால் பிளாஸ்டரே கெட்டுப் பிளக்கத் தொடங்கும். எல்லாம் முடிந்து கூட்டை 250 பாகைக்கு ஆறவிட்டு, அந்தச் சூட்டோடு வெளியே எடுத்து மணலில் புதைத்தோம். விடியற்காலை தொடங்கிய வேலை இரவு வரை நீண்டது. மெழுகு உருகும் நேரத்தில் முடித்துவிடலாம் என்று முன்பு நினைத்தவர்கள் நாங்கள்! பிளாஸ்டிக் எளிதில் போகாது; அது போவதற்கு வேண்டிய சூடு ஈரத்தையும் சேர்த்து ஓட்டிவிடுகிறது. இம்முறை உலோகம் தெறிக்கவில்லை.

எவ்வளவு அலுமினியம்? பிளாஸ்டிக் மாதிரி உள்ளே வெறுமையாக இருப்பதால் எடையைக் கொண்டு கணக்கிட இயலாது. கணினி கனஅளவைச் சொல்லிற்று. எங்கள் தாயாருக்கு அதில் நம்பிக்கையில்லை. விளிம்பு வரை நீர் நிறைந்த சொம்பில் அன்னத்தை ஊசியால் அழுத்தி முழுக்கச் சொல்லி, வழிந்த நீரைத் தட்டில் பிடித்து அளக்கச் செய்தார்கள். 60 மில்லிலிட்டர். கணினியும் அதையே சொல்லியிருந்தது. ஒரு மில்லிலிட்டருக்கு 2.7 கிராம் வீதம் 162 கிராம். தண்டுக்கும் கழிவுக்குமாகச் சேர்த்து 300 கிராம் உருக்கினோம்.

பழைய உலோகம் வாங்குவதிலும் எச்சரிக்கை வேண்டும். குளிர்பானக் குவளைகள் மிக மெல்லியவை. உருகும்போது கணிசமான பகுதி ஏடாகப் போய்விடும். வார்ப்பில் உண்டான பழைய இயந்திர உறுப்புகளே மறு வார்ப்புக்கு ஏற்றவை. ஆனால் அவற்றுள் சில மக்னீசியம் கலப்பாக இருக்கக்கூடும். அது தீப்பற்றினால் அணைப்பது அரிது; நீர் பட்டால் இன்னும் மூளும். சுரண்டிய இடத்தில் ஒரு துளி வினிகர் விட்டுப் பார்த்தால், மக்னீசியம் உடனே நுரைக்கும். அலுமினியம் வாளா இருக்கும். துண்டுகளை மூசையில் இடுமுன் உலைமேல் வைத்துச் சுட்டு, ஈரமில்லாமல் செய்துகொண்டோம்.

கூட்டை உடைத்தபோது அன்னம் வந்தது. ஆனால் அதற்கு அலகு இல்லை! உலோகம் அலகின் நுனியை எட்டுமுன் அங்கே அடைபட்ட காற்று வழிமறித்துவிட்டது. உள்ளே புக வாய் வைத்த நாங்கள், காற்று வெளியேற வழி வைக்கவில்லை. மூன்றாம் முறை அலகின் நுனியிலும் வாலின் நுனியிலும் ஒரு குச்சிப் பருமனில் மெழுகு இழைகளை ஒட்டி மேலே கொண்டுவந்து விட்டோம். கையால் செய்த மெழுகு உருவமாக இருந்தால் மறுபடியும் முதலிலிருந்து பிடித்திருக்க வேண்டும். அச்சுப் பொறியோ அதே அன்னத்தைச் சலிக்காமல் இன்னொரு முறை தந்தது. கற்பவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் சிற்பியின் கை ஒவ்வொரு முறையும் புதிதாகக் காணும் அழகு பொறிக்குக் கிடையாது என்பதையும் சொல்லவேண்டும்.

மூன்றாவது அன்னம் அலகும் வாலும் குறைவின்றி வந்தது. அச்சுப் பொறி அடுக்கிய இழைகளின் கோடுகள்கூட அதன் மேனியில் மெல்லத் தெரிந்தன. அரத்தாலும் உப்புத்தாளாலும் அவற்றைத் தேய்த்தோம். மரையை மட்டும் வார்ப்பில் விடாமல், கடைசல் பட்டறையில் கொடுத்து வெட்டிக்கொண்டோம். நுண்ணிய மரை வார்ப்பில் சுத்தமாக வருவதில்லை.

எதை வார்க்கலாம், எதை வார்க்கலாகாது?

இதைப் படிக்கும் அன்பர்களின் வீடுகளிலும் உடைந்த சாமான்கள் இருக்கும். பெட்டியின் கைப்பிடி, மேசை இழுப்பறையின் குமிழ், தொட்டிலின் அலங்கார முனை போன்றவற்றை இம்முறையில் வார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஊஞ்சல் கொக்கியை வார்க்கலாகாது. வெளியே பளபளக்கும் வார்ப்பின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத காற்றுப் பொத்தல்கள் இருக்கும். குழந்தைகள் ஆடும்போது அது முறிந்தால் யார் பொறுப்பு? பிரஷர் குக்கரின் எந்த உறுப்பும், எரிவாயு அடுப்பின் எந்த உறுப்பும், வண்டியின் பிரேக்கும், மின்விசிறியைத் தாங்கும் கொளுவியும் இதில் சேரும். அவை முறிந்தால் உயிருக்கு ஆபத்து. சமையலுக்கும் உண்பதற்குமான பாத்திரங்களையும் பழைய உலோகத்தில் வார்க்க வேண்டா. அதில் ஈயம் கலந்திருக்கக்கூடும்.

இன்னும் சில. சிமென்டுத் தரையின்மேல் நின்று வார்க்கக்கூடாது. உருகிய உலோகம் பட்டால் தரைக்குள் இருக்கும் ஈரம் கொதித்துச் சில்லுகளாக வெடிக்கும். உலர்ந்த மணலைத் தடிப்பாகப் பரப்பிக்கொள்ள வேண்டும். பருத்தி ஆடையே நன்று. செயற்கை இழை உடலோடு ஒட்டி உருகும். அருகில் மணல் வாளி இருக்கட்டும்; தண்ணீர் வாளி கூடாது. உருகிய உலோகத்தின்மேல் நீரை ஊற்றுவதைப் போன்ற பேதைமை வேறில்லை. பிள்ளைகள் மெழுகு பிடிக்கலாம், கணினியில் வரையலாம், கூட்டையும் உடைக்கலாம். உலைக்கருகில் மட்டும் அனுபவமுள்ள பெரியவர் ஒருவர் முன் நிற்க, அவர்கள் தொலைவில் நிற்க வேண்டும். அத்தகைய பெரியவர் கிடைக்காவிடில், மாதிரியை மட்டும் வீட்டில் செய்து வார்ப்புப் பட்டறையில் கொடுத்துவிடலாம். அதில் ஒரு தாழ்வும் இல்லை.

விளக்கு ஏற்றிய நாள்

அன்னத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து விளக்கின் உச்சியில் திருகினோம். மரை சரியாகப் பொருந்திற்று. ஆனால் பொன்னிறமான பித்தளை விளக்கின்மேல் அலுமினியம் வெள்ளி போல் வெளுத்து, தனியாகத் தெரிந்தது. இவ்வளவு பாடுபட்டும் நிறம் சேரவில்லையே என்று எங்களுக்கு வருத்தம். பித்தளை வண்ணம் பூசிவிடலாமா என்று மகன் கேட்டான்.

எங்கள் தாயார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அருகில் வந்து நெடுநேரம் பார்த்தார்கள். முன்னிருந்த அன்னத்துக்குக் கழுத்து இன்னும் சற்று வளைந்திருந்தது என்றார்கள். பிறகு, “அன்னம் வெள்ளையாகத்தானே அப்பா இருக்கும்? இதற்கு எதற்கு வண்ணம்?” என்றார்கள்.

அந்த ஆண்டுக் கார்த்திகைக்கு, ஏழாவது ஆண்டில், விளக்கைக் கூடத்தின் நடுவே வைத்து ஐந்து முகமும் ஏற்றினார்கள். பேரனை அழைத்து ஒரு திரியைத் தூண்டச் சொன்னார்கள். அலகில்லாத இரண்டாவது அன்னம் இப்போது அவனுடைய மேசையில் காகிதங்கள் பறவாமல் காத்துக்கொண்டிருக்கிறது. அடுத்த கோடை விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது சுவாமிமலைக்குப் போய், அங்கே கூட்டை எப்படிச் சுடுகிறார்கள் என்று உடனிருந்து பார்க்கவேண்டும் என்கிறான். நாங்களும் அவனுடன் செல்வதாக இருக்கிறோம்.